கூரை மேல் லைட் பார்: ஊளையும் நடுக்கமும் அடங்க

பெர்த்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வண்டி ஹைலக்ஸ் டபுள் கேப். கூரையில் அலுமினிய ரேக், அதன் முன்விளிம்பில் 42 அங்குல எல்.ஈ.டி. லைட் பார். 80 கிலோமீட்டர் வேகத்தில் விசில் தொடங்குகிறது. 100ஐத் தொட்டால் காதை அடைக்கிற மாதிரி ஓர் உறுமல். மண்சாலையில் வெளிச்சமே நடுங்குகிறது. ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு நல்லார்பர் சமவெளி வழியாக அடிலெய்டு போகிறோம். அதற்குள் என்ன செய்யலாம்?"

தம்பி, ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு ரேக், விளக்கு, புல்பார் (வண்டியின் முகப்பைக் காக்கும் உலோகத் தடுப்பு) பொருத்துவதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. விசில் ஒன்று, உறுமல் இன்னொன்று, நடுக்கம் மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ரப்பர் வாஷர் இதில் எதையும் உண்டாக்குகிற இடத்தில் போய்த் தடுக்காது. காற்றில் பிறக்கிற சத்தம் போல்ட் வழியாகக் கூரைக்குள் இறங்குவதை அது கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். அதனால் வாஷர் பலன் தரவில்லை என்று நீங்கள் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் ஒரு சுருள் போதும். காற்று அதிகம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்றால் ஒரே வேகத்திலும் சத்தம் மாறும். அதனால்தான் இரண்டு திசையும் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் பதிவு செய்யட்டும். ஒலி அலைவரிசையைக் கோடாகக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

முதல் ஓட்டம் லைட் பாரைக் கழற்றிவிட்டு. ஆமாம், கழற்றிவிட்டு. பலர் இதைச் செய்வதே இல்லை. ஒருவர் லைட் பார் கத்துகிறது என்று இரண்டு தடவை பாரையே மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். கழற்றி ஓட்டிப் பார்த்தால் விசில் அப்படியே இருந்தது. ரேக்கின் குறுக்குச் சட்டங்களில் போல்ட் செருகுவதற்காக நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது மூடாமல் கிடந்தது. அந்தப் பள்ளத்துக்கென்று வரும் ரப்பர் பட்டையை அளவாக வெட்டி அழுத்தியதும் விசில் நின்றது. உங்கள் ரேக்கிலும் அந்தப் பட்டை பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

பார் இல்லாமல் அமைதியாக இருக்கிறதென்றால், திரும்ப மாட்டிவிட்டு இரண்டாவது ஓட்டம். இந்தத் தடவை பாரின் முதுகில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும் குளிர்விப்புத் தகடுகளை, ஃபின் என்போமே, அவற்றை டேப்பால் முழுக்க மூடுங்கள். விளக்கைப் போடாதீர்கள், சூடேறிவிடும். விசில் போய்விட்டால் குற்றவாளி ஃபின். மூன்றாவது ஓட்டத்தில் பாருக்கும் ரேக்குக்கும் இடையிலான இடைவெளியை டேப்பால் மூடுங்கள். உறுமல் குறைகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இப்போது இந்தச் சத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ஒரு கம்பி காற்றின் குறுக்கே நின்றால், காற்று அதன் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போகும். ஒவ்வொரு சுழல் உதிரும்போதும் கம்பியில் ஒரு சின்ன உதை. அந்த உதைகளின் வேகம்தான் நமக்குக் கேட்கும் சுருதி. வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் என்ற செக் இயற்பியலாளர் 1878இல் கம்பிகளைச் சுழற்றிப் பார்த்து இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்: காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, 0.2ஆல் பெருக்கினால் சுருதி கிடைக்கும். வட்டக் கம்பிக்கு 0.2, சதுரச் சட்டத்துக்கு ஏறக்குறைய 0.13.

இதை உங்கள் வண்டியில் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர். பாரின் உயரம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வடிவத்தைப் பொறுத்து வினாடிக்கு 45 முதல் 70 அதிர்வுகள் வரும். அதுதான் நீங்கள் சொன்ன உறுமல், காதுக்குள் அழுத்துகிற சத்தம். ஃபின் தகட்டின் தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால் அதே கணக்கில் 2,800 பக்கம் வருகிறது. அது விசில். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 வரை. அதனால்தான் சக்தியில் சின்னதாக இருந்தாலும் அந்த விசில் மண்டையைக் குடைகிறது. போதாததற்கு, ஃபின்களுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் வெறும் போத்தல் வாயில் ஊதினது போலச் சேர்ந்து ஊதும். இவையெல்லாம் தோராயமான எண்கள். முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் இடத்தில் காற்று வண்டியின் வேகத்தைவிட வேகமாக ஓடும், அதனால் உண்மைச் சுருதி இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும். ஆனால் கைபேசிச் செயலியில் கோடு எழுபது பக்கம் நிற்கிறதா, மூவாயிரம் பக்கம் நிற்கிறதா என்று பார்த்தாலே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. வேகத்தை மெதுவாக 80இலிருந்து 110க்கு ஏற்றுங்கள். சுருதியும் கூடவே ஏறினால் அது வெறும் காற்றின் வேலை. சுருதி ஏறாமல் ஒரே இடத்தில் நின்று, சத்தம் மட்டும் பெருத்து, பிறகு வேகம் கூடியதும் சட்டென்று அடங்கினால், அங்கே ஏதோ ஒரு பாகம் காற்றோடு சேர்ந்து தன் சொந்தச் சுருதியில் பாடுகிறது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பட்டத்தின் தலையில் வில் மாதிரி வளைத்து, நாரை இழுத்துக் கட்டி, விண் பூட்டுவோம் அல்லவா? காற்றில் அது கூவும். நாரை இன்னும் இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்றால் இதைக் காதாலேயே படிக்கலாம். உங்கள் வண்டியில் அந்த நாரின் வேலையை ஒரு மெல்லிய பிராக்கெட்டோ, தளர்ந்த ரேக் சட்டமோ செய்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் காற்றோடு மல்லுக்கட்டாமல் அந்தப் பாகத்தை விறைப்பாக்க வேண்டும்.

சரி, மருந்துகளுக்கு வருவோம். விசில்தான் சுலபம். கடையில் ஃபின் இடுக்குகளில் செருகுவதற்கென்றே ரப்பர் பட்டைகள் விற்கிறார்கள். கதவு விளிம்பில் மாட்டும் யு வடிவ ரப்பரும் தகட்டின் மேல் நன்றாக உட்காரும். ஆனால் எல்லா இடுக்கையும் அடைத்துவிடாதீர்கள். இந்தப் பார்கள் 200, 300 வாட் இழுப்பவை. அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது, வெளியேற வழி அந்த ஃபின்கள்தான். அடைத்துவிட்டால் எல்.ஈ.டி.யின் ஆயுள் குறையும். முழுக்க அடைக்கத் தேவையும் இல்லை. பார் நெடுகிலும் சுழல்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் உதிர்வதால்தான் சத்தம் பெரிதாகிறது. அந்தத் தாளத்தைக் குலைத்தால் போதும். 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக, இடைவெளி சமமாக இல்லாமல், வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளிச் செருகுங்கள். பார்க்க ஒழுங்காக இருக்காது, வேலை செய்யும்.

உறுமலுக்கும் இதே தத்துவம்தான், அளவு மட்டும் பெரிது. காரின் பழைய மாதிரி ரேடியோ ஆன்டெனாவைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் மெல்லிய கம்பி ஒன்று சுருளாகச் சுற்றியிருக்கும். அழகுக்காக அல்ல, ஆன்டெனா ஊளையிடாமல் இருக்கத்தான். தொழிற்சாலைகளின் இரும்புப் புகைபோக்கி உச்சியில் திருகு மாதிரித் தகடு சுற்றியிருப்பதும் அதற்கே. 1950களில் இங்கிலாந்தில் கிறிஸ்டோஃபர் ஸ்க்ரூட்டன் என்பவர் தன் குழுவோடு ஆராய்ந்து கொண்டுவந்த முறை அது. தகட்டின் உயரம் புகைபோக்கி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து விட்டம் நீளம் என்பது அதன் வழக்கமான அளவு. உங்கள் 80 மில்லிமீட்டர் பாருக்கு அதை மாற்றினால் 8 மில்லிமீட்டர் கயிறு, 40 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வருகிறது. கறுப்பு நைலான் கயிறு வாங்கி, கண்ணாடி முகத்தில் எல்.ஈ.டி.கள் இல்லாத இடுக்கு வழியாகப் போகும்படி சுற்றி, இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். வெளிச்சம் கொஞ்சம் மறையத்தான் செய்யும். அது பிடிக்கவில்லை என்றால் தடித்த கேபிள் டைகளைப் பத்து இடத்தில், சமமில்லாத இடைவெளியில், பூட்டும் முடிச்சு மேல் பக்கம் வரும்படி இறுக்குங்கள். கயிறு அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல பலன் தருகிறது, செலவும் சில டாலர்தான்.

அடுத்தது பாருக்குக் கீழே இருக்கும் சந்து. முன்கண்ணாடியில் ஏறி வருகிற காற்று முழுவதும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடுக்குக்குள் நுழையப் பார்க்கும். குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீச்சியடிக்கிற மாதிரிதான். இந்தச் சந்து ஒன்று நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்க வேண்டும். நடுத்தரமாக இருப்பதுதான் கெடுதல். உங்களுக்கு ரேக் இருப்பதால், அதன் முன்னால் சாய்வாக ஒரு காற்றுத் தடுப்புத் தகடு வைத்துக் காற்றைப் பாருக்கு மேலே தூக்கி அனுப்பிவிடலாம். பல ரேக்குகளுக்கு அதற்கென்றே தகடு வருகிறது. அதன் கீழ் விளிம்பில் வெயில் மழை தாங்கும் டி வடிவ ஈ.பி.டி.எம். ரப்பரை ஒட்டி, அது கூரையை மெல்லத் தொடும்படி வையுங்கள். ரப்பர் தொடும் இடத்தில் கூரை மேல் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒரு பட்டை ஒட்ட மறக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் அந்த இடுக்கில் சிக்கினால் உப்புத்தாள் மாதிரி தேய்த்து, ஒரே பயணத்தில் பெயின்டைத் தின்றுவிடும்.

ரேக்கில் இடம் இருந்தால் பாரையே 30, 40 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். காற்று மிக வேகமாக ஓடும் அந்த விளிம்பிலிருந்து விலகினாலே சத்தம் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. கூரையின் விளிம்பே ஒரு தடுப்பாகி, பானட் மேல் வெளிச்சம் விழுந்து கண்ணில் தெறிப்பது குறையும். இரவில் நீண்ட நேரம் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள். காற்றுச் சத்தத்தின் சக்தி வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. 80இல் இருந்ததைவிட 110இல் அது ஏறக்குறைய ஏழு மடங்கு. மறுபக்கம், 110இலிருந்து 100க்கு இறங்கினால் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். நகரத்துக்குள் 60இல் ஓட்டிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள்.

இப்போது நடுக்கம். இது காற்றால் வருவது குறைவு, சாலையால் வருவதே அதிகம். இங்கே மண்சாலைகளில் தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருக்கும், கொருகேஷன் என்பார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 70 சென்டிமீட்டர் என்று வைத்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 32 தடவை வண்டி தட்டப்படுகிறது. பாரும் அதன் பிராக்கெட்டும் அதே வேகத்தில் ஆடும் இயல்பு கொண்டிருந்தால் ஆட்டம் பல மடங்காகும். இங்கேதான் மெத்தென்ற ரப்பர் வாஷர் காலை வாரிவிடும். ரப்பர் என்பது ஒரு ஸ்பிரிங். அது தன் இயல்பு அதிர்வைப்போல் 1.4 மடங்குக்கு மேல் வருகிற அதிர்வுகளை மட்டும்தான் தடுக்கும். அதற்குக் கீழே வருவதைப் பெருக்கத்தான் செய்யும். தடித்த, மென்மையான ரப்பரில் நான்கைந்து கிலோ பாரை உட்காரவைத்தால் அது பெருக்கும் எல்லைக்குள்தான் போய் விழும். உங்கள் வெளிச்சம் நடுங்குவதற்கு அந்த வாஷரே ஒரு காரணமாக இருக்கலாம். கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

முதலில் விறைப்பு வேண்டும். பெட்டியோடு வரும் எல் வடிவப் பிராக்கெட் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தகடு. தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது 3இலிருந்து 5 மில்லிமீட்டருக்குப் போனால் நாலரை மடங்கு. உயரத்துக்கும் அதே கணக்கு தலைகீழாகப் பொருந்தும்: 60 மில்லிமீட்டர் நிற்கும் பிராக்கெட்டை 40 ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. அதனால் முடிந்தவரை தடித்த, குட்டையான பிராக்கெட் போடுங்கள். ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து வெல்டு வைத்தது இன்னும் நல்லது. 42 அங்குலம் என்பது ஒரு மீட்டருக்கு மேல். இரண்டு முனையில் மட்டும் பிடித்தால் நடுவில் ஊஞ்சலாடும். பாரின் அடியில் நீளமாகப் பள்ளம் இருந்தால் நடுவில் மூன்றாவது கால் ஒன்று கொடுங்கள். அந்த ஒன்றே பல வண்டிகளில் நடுக்கத்தை நிறுத்தியிருக்கிறது.

விறைப்பாக்கிய பிறகு ரப்பர் வேண்டுமென்றால், 2 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் ஒன்று, பிராக்கெட்டின் அடிக்கும் ரேக்குக்கும் நடுவில் மட்டும். போல்ட் ரப்பரை நசுக்காமல் இருக்க உள்ளே ஓர் உலோகக் குழாய்த் துண்டு போடுங்கள். இல்லையென்றால் நாளாக ஆக ரப்பர் அமுங்கி, போல்ட் தானாகவே தளர்ந்துவிடும். நட்டுகள் எல்லாம் நைலான் வளையம் உள்ளவையாக இருக்கட்டும். மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளையில் இறங்கும் போல்ட்டுக்கு, அது தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கர், நீல நிறத்தில், ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்ற வேண்டிய நாளில் அழ வைக்கும். இறுக்க அளவுக்குப் பார் தயாரித்தவர் கொடுத்த எண்ணையே பின்பற்றுங்கள், அலுமினியப் பள்ளத்தில் அதிகமாக இறுக்கினால் பள்ளமே பிய்ந்துவிடும்.

வயரையும் மறக்காதீர்கள். கூரையில் "டக் டக்" என்று அடிக்கும் சத்தம் பாதி நேரம் பார் அல்ல, தளர்ந்து தொங்கும் வயர்தான். நெளிவுக் குழாயில் போட்டு 15 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டு போடுங்கள். வயரை எப்படியும் தொடுகிறீர்கள் என்பதால் இதையும் சரிபாருங்கள்: ஹை பீமோடு மட்டும் பார் எரிய வேண்டும், டிம் செய்ததும் அணைய வேண்டும். இங்கே சட்டம் அதுதான்.

மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். என் வண்டியாக இருந்தால் பாரைக் கூரையில் வைக்க மாட்டேன். புல்பாரில் வைத்தால் அங்கே காற்று வண்டியின் முகத்தில் மோதி வேகம் குறைந்திருக்கும், காதிலிருந்தும் தூரம். தூசியிலும் மூடுபனியிலும் கூரை விளக்கு கண்ணுக்கு நேர் முன்னாலேயே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டும், புல்பாரில் அந்தத் தொல்லை குறைவு. கங்காருவைத் தூரத்தில் பார்க்க உயரம் உதவும் என்பார்கள், ஆனால் நல்ல இரண்டு வட்ட விளக்குகள் புல்பாரிலிருந்தே அதைச் செய்துவிடும். உங்களிடம் புல்பார் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன கயிறு, தகடு எதற்கும் பணம் செலவழிக்கும் முன் இதை யோசியுங்கள்.

கூரையிலேயே வைப்பது என்று முடிவானால், இந்த வாரக் கடைசியில் டேப் சோதனை, அடுத்த வாரம் பிராக்கெட், அதற்குப் பிறகு ரப்பரும் கயிறும் என்று போனால் ஒரு மாதம் தாராளமாகப் போதும். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை பாருங்கள், 500இல் இன்னொரு தடவை. பயணத்தில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் ஒரு செட் ஆலன் கீயும் கையுறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். வழியில் நோர்ஸ்மன் ஊரில் எரிபொருள் போட நிற்பீர்கள், அங்கே ஏறிப் பாரைக் கையால் அசைத்துப் பாருங்கள். அடுத்து பல்லடோனியாவிலும் பாருங்கள், ஏனென்றால் அதைத் தாண்டினால் கைகூனா வரை 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்ச்சாலை, நீங்கள் வேகத்தைக் குறைக்கவே மாட்டீர்கள். போல்ட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி படிந்திருந்தால் அலுமினியம் உரசிக்கொண்டிருக்கிறது, உடனே இறுக்குங்கள். பிராக்கெட்டின் மடிப்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் இறுக்கிப் பயனில்லை. அங்கேயே கழற்றி, வயரை டேப் சுற்றிக் கட்டிவிட்டு, பாரைப் போர்வையில் சுருட்டிப் பின்னால் போட்டுக்கொண்டு பகலில் ஓட்டுங்கள்.